முதுகில் விழுந்த கைதட்டல்

யுத்தம் முடிந்த இரண்டாம் வருஷம், காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்த காலத்தில், பேரளத்திலிருந்து வந்த மத்தியான ரயிலில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கினார், அவருக்குப் பின்னால் நாலு பேர் பிடித்து ஒரு பெரிய டிரங்குப் பெட்டி இறங்கியது, அதைத் தலைக்கு ஏற்றிய போர்ட்டர் ஆரோக்கியம் இரண்டு எட்டு வைத்துக் கொஞ்சம் சாய்ந்ததுதான் தாமதம், பெட்டிக்குள்ளிருந்து ஆயிரம் பேர் கைதட்டினார்கள்.

ஆரோக்கியம் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகச் சுமை தூக்குகிறவர். ஒருத்தரும் ஒருநாளும் அவரை ஒரு வார்த்தை மெச்சியது இல்லை. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி நடந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து, "உள்ளே இருக்கிறது உயிருள்ள சாமானா? அப்படின்னா தனி டிக்கெட் எடுக்கணும்" என்றார். வெள்ளைக்காரருக்குப் புரியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். ஆட்டுக்கு இருந்தது, கோழிக்கு இருந்தது, பிணத்துக்குக்கூட இருந்தது, கைதட்டலுக்கு மட்டும் இல்லை. புத்தகத்தில் இல்லாததை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

மாதா கோவில் தெருவில் அமலோற்பவத்தின் ரொட்டிக்கடை. கீழே கடையும் அடுப்பும், மாடியில் வாடகைக்கு ஓர் அறை. சைகோனுக்குப் பட்டாளத்தில் போன புருஷன் இறந்துபோனதாகத் தந்தி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தென்னங்கள் விட்டு மாவு பிசைந்து, புளித்துப் பொங்கியதும் உருட்டி, நீட்டு ரொட்டியாகச் சுட்டு, விடிகிற நேரத்தில் ஊர் முழுக்க அனுப்பிவிடுவாள். அவள் ரொட்டியைத் தின்னாத வீடு காரைக்காலில் இல்லை, அவள் ரொட்டியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்ன வீடும் இல்லை. தினமும் கிடைக்கிற பொருளை யார் புகழ்வார்கள்?

அறை கேட்டு வந்தவரை அவள் மேலும் கீழும் பார்த்தாள். அறுபது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். பெயர் எமில் வால்துவா. அவளுடைய தம்பி தொபியாஸ், மாதா கோவில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன், பிரெஞ்சு தெரிந்தவன், நடுவில் நின்று பேசினான்.

"என்ன உத்தியோகமாம்?"

"வாத்தியக்காரங்களை நடத்துறவராம் அக்கா. எம்பது பேர், நூறு பேர் வாசிப்பாங்களாம். இவர் முன்னால நின்னு குச்சியால காட்டுவாராம்."

"இவர் எதை வாசிப்பாரு?"

தொபியாஸ் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஒண்ணும் வாசிக்க மாட்டாராம்."

"அடப் பாவமே. எத்தனை வருஷமா?"

"முப்பத்தொரு வருஷமா."

"முப்பத்தொரு வருஷமா ஒண்ணும் வாசிக்காம வாத்தியக்காரங்களோட இருந்தாரா? சோறு யார் போட்டா? சரி, ஜனங்களைப் பார்த்து நிப்பாரா?"

"வாத்தியக்காரங்களைப் பார்த்து. ஜனங்களுக்கு முதுகு."

அமலோற்பவம் மூக்கில் விரல் வைத்தாள். காசு கொடுத்து வந்த சபைக்கு முப்பத்தொரு வருஷமாக முதுகைக் காட்டிய மனுஷரை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் முகம் நல்ல முகமாக இருந்தது, பசித்த முகமாகவும் இருந்தது. ஒரு ரொட்டியைப் பிட்டு வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அறையை அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

மாடியில் வைத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே முப்பது கறுப்புக் கோட்டுகள் இருந்தன. பின்னால் வால் விட்ட கோட்டுகள், வருஷத்துக்கு ஒன்று. அவர் ஒன்றை எடுத்துத் தோள்பட்டையைப் பிடித்து ஓர் உதறு உதறினார். அறை முழுக்கக் கைதட்டல் கொட்டியது. அவர் சொல்ல, தொபியாஸ் தமிழில் சொன்னான்: கடிகாரம் பழுதுபார்க்கிறவருக்குப் பிள்ளையாகப் பிறந்து, ஐம்பது கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டும் கடையில் வளர்ந்து, இவை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மணியடித்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கி, அந்த ஏக்கத்தாலேயே இந்தத் தொழிலுக்கு வந்து, முதல் வருஷம் ஒரு சின்ன ஊர்ச் சாவடியில் முப்பது பேர் தட்டிய கைதட்டல், மறுவருஷம் இருநூறு பேர், அப்புறம் லியோன் நகரத்தில் பெரிய மண்டபத்தில் ஆயிரம் பேர், மர்செய் துறைமுகத்தில் கப்பல்காரர்களும் மீன்காரிகளும் காலையும் சேர்த்துத் தட்டிய கைதட்டல், பிரஸ்ஸல்ஸில் ராஜ குடும்பம் கையுறையோடு தட்டிய பஞ்சுக் கைதட்டல், இப்படி ஊர் ஊராக, வருஷம் வருஷமாக, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற மனுஷருக்குக் கைதட்டல் எல்லாம் முதுகில்தானே விழும், முதுகில் விழுந்தது துணியில் ஊறி நின்றுவிட்டது. கம்பளித் துணி எதையும் விடாது என்பது அமலோற்பவத்துக்கும் தெரியும். அதனால் அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் தோலால் ஆன சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. முப்பத்தொன்றாவது கோட்டும் அவருடைய குச்சியும் அதில் இருந்தன. அதைப் பூட்டிச் சாவியைச் சுவரில் ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு, முகத்தில் இருந்த சிரிப்பு போய், தொபியாஸிடம் ஏதோ சொன்னார்.

"இந்தப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாதாம் அக்கா. திறந்தா அடுத்த ரயில்ல கிளம்பிப் போயிடுவாராம்."

"அதை நான் ஏன் திறக்கப்போறேன்?" என்றாள் அமலோற்பவம். அன்றைக்கு அவள் மனதில் கள்ளம் இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் சலவைக்காரர் மாசிலாமணியிடமிருந்து ஆரம்பித்தது. கோட்டுகளில் கப்பல் உப்பும் பாச்சை உருண்டை வாசனையும் இருக்கிறது என்று அமலோற்பவம் மூன்றை எடுத்து வெளுக்கப் போட்டாள். அரசலாற்றங்கரையில் மாசிலாமணி முதல் கோட்டைக் கல்லில் அடித்ததும் லியோன் நகரம் அவருக்குக் கைதட்டியது. மறுபடி அடித்தார், மறுபடி தட்டியது. ஆற்றின் அந்தக் கரையில் ஆடு மேய்த்தவர்கள், மாசிலாமணி ஏதோ பெரிய காரியம் செய்கிறார் என்று ஆட்டை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அன்று அவர் வெளுத்த வெளுப்பை அவர் அதற்கு முன்னும் வெளுத்ததில்லை, பின்னும் வெளுத்ததில்லை. துணியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "கூலி வேணாங்க்கா. இன்னும் இருந்தா போடுங்க" என்றார்.

பிறகு ஊர் வரிசையில் வந்தது. நகரசபைக்கு நின்ற கபூர் மரைக்காயர் தம் முதல் பிரசங்கத்துக்குக் கோட்டு கேட்டு வந்தார். எமில் கொடுத்தார். மரைக்காயர் "பெரியோர்களே" என்று வாயெடுத்ததும் அவருடைய மைத்துனர் கோட்டை உதற, கைதட்டல் ஓயாமல் போனதில் பிரசங்கமே நடக்கவில்லை. அந்தப் பிரசங்கத்தாலேயே அவர் ஜெயித்தார். இரட்டைப் பிள்ளையை நல்லபடியாகப் பிறக்கவைத்த மருத்துவச்சிக்கு ஒரு கோட்டு உதறினார்கள். ஒரு மாதம் குடிக்காமல் இருந்த மேஸ்திரிக்கு, முப்பது பேர் தட்டிய முதல் வருஷக் கோட்டு. அதற்குமேல் கொடுத்தால் அந்தச் சந்தோஷத்திலேயே குடித்துவிடுவான் என்று அவன் பெண்சாதி சொன்னாள். கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த பையன் ஒருவழியாகத் தேறியபோது மர்செய் கோட்டை உதறியதில் பள்ளிக்கூடத்து ஓடு இரண்டு விழுந்தது.

கொஞ்ச நாளில் ஊரில் கைதட்டல் ருசி தெரிந்தவர்கள் உண்டானார்கள். "லியோன் தட்டு நிதானம்பா. யோசிச்சுத் தட்டுறான். மர்செய்க்காரன் தட்டுறதுதான் தட்டு, சோறு தின்னவன்" என்று டீக்கடையில் சண்டை நடந்தது. பதினாறாம் கோட்டில் கைதட்டலுக்கு நடுவில் ஒருவர் இருமுவார். எத்தனை முறை உதறினாலும் அதே இடத்தில் அதே இருமல். ஊர் அவருக்காக வருத்தப்பட்டது. "பாவம், கோழை கட்டியிருக்கு. சித்தரத்தை இடிச்சுக் கொடுக்க வீட்டுல யாரும் இல்லை போல" என்று அமலோற்பவம் சொல்வாள். மாதா கோவிலில் அவர் பெயர் தெரியாமலே அவருக்கு ஒரு பூசை வைத்தார்கள். அடுத்த முறை உதறியபோது இருமல் கொஞ்சம் குறைந்திருந்ததாகத் தொபியாஸ் சத்தியம் செய்தான்.

எமில் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கக் கொடுக்க அவர் முகம் தெளிந்துகொண்டு வந்தது. வேட்டி கட்டக் கற்றார். தமிழைக் கடையில் உட்கார்ந்து அமலோற்பவத்திடம் கற்றார், அதனால் அவர் பேசினால் ரொட்டிக்காரி பேசுவது மாதிரியே இருக்கும். அம்மா என்பதை மட்டும் பிரெஞ்சில் மதாம் என்பார், அவளும் ஐயா என்பதை முசியே என்பாள். "ஐயோ மாதாவே, மாவு புளிச்சுப் போச்சே" என்று அந்தப் பெரிய உடம்பு கன்னத்தில் கை வைத்துச் சொல்லும்போது வாடிக்கைக்காரர்கள் சிரித்துச் சிரித்து வாங்க வந்த சாமானை மறப்பார்கள். குச்சியை மட்டும் அவர் தொடவில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் எத்தனையோ முறை கெஞ்சினார்கள். "எனக்குக் கை போச்சுப்பா" என்பார். அதே கையால்தான் ஒரு மூட்டை மாவைத் தூக்கி வைப்பார்.

அமலோற்பவத்துக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்றை வெளியே சொன்னாள், ஒன்றைச் சொல்லவில்லை. ஊரில் யார் யாருக்கோ கோட்டை உதறுகிறவர் அவளுடைய ரொட்டிக்கு ஒருநாளும் உதறியதில்லை. தினமும் காலையில் முதல் ரொட்டியை அவருக்குத்தான் கொடுப்பாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்பார், எழுந்து போவார், அவ்வளவுதான். "கல்லுக்குப் போட்டா கல்லாவது எறும்பைக் கூப்பிடும்" என்று தொபியாஸிடம் சொல்வாள். சொல்லாத குறை, இவர் ஒருநாள் வந்த மாதிரியே போய்விடுவாரோ என்பது. ஒன்பது வருஷமாக மாடியில் காலடிச் சத்தம் இல்லாத வீடு அது. இப்போது காலையில் அடுப்புக்கு முன் நிற்கும்போது மேலே ஆள் நடக்கிற சத்தம் கேட்கும், அதற்குத் தக்கபடி அவள் கை மாவை உருட்டும். அந்தச் சத்தம் நின்றுபோவதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தாள்.

தொபியாஸின் மகள் செசிலிக்குக் கல்யாணம் வந்தது. அமலோற்பவத்துக்குப் பிள்ளை இல்லை, செசிலிதான் பிள்ளை. தாலி கட்டியதும் மர்செய் கோட்டை உதறுவது என்று தொபியாஸ் முடிவு செய்திருந்தான். அவளுக்கு அது போதவில்லை. மர்செய் கோட்டு மேஸ்திரி வீட்டுக் காதுகுத்துக்குக்கூடப் போய்வந்தது. சீட்டுக்கட்டு மாதிரி ஊரெல்லாம் சுற்றியதையா நம் பெண்ணுக்கு உதறுவது? காரைக்காலில் எந்த வீட்டிலும் கட்டுகிற புடவை கொடியில் கிடக்கும், நல்ல பட்டு மட்டும் தனிப் பெட்டியில் பூட்டில் கிடக்கும். ஆகவே பூட்டின பெட்டியில் இருக்கிற கோட்டுதான் எல்லாவற்றிலும் உசத்தி. ராஜாவே எழுந்து நின்று தட்டியிருப்பார். மனுஷர் அடக்கக்காரர், அதனால் மறைக்கிறார். கல்யாணக் காரியத்துக்கு எடுத்தால் கோபிக்கவா போகிறார், செசிலியை அவருக்கும் பிடிக்குமே. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்து, கல்யாணத்தன்று எமில் கீழே குளித்துக்கொண்டிருந்தபோது அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

கோவிலில் தாலி கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் முற்றத்துக்கு வந்தார்கள். மணி அடிக்கிறது, பேண்டு செட்டு முழங்குகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், வேப்பமரத்தில் காக்காய்க் கூட்டம், அப்பால் கடல். அமலோற்பவம் துணிப் பையிலிருந்து கோட்டை எடுத்து, தோள்பட்டையைப் பிடித்து, தன் பலம் எல்லாம் கூட்டி உதறினாள்.

சத்தம் எல்லாம் நின்றது.

மணி ஆடியது, ஒலி இல்லை. பேண்டுக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள், ஒன்றும் வரவில்லை, குழலைத் திருப்பி உள்ளே பார்த்தார்கள். பெரிய மத்தளத்தில் அடித்த அடி பஞ்சில் அடித்தது மாதிரி போனது. காக்காய்கள் வாயைத் திறந்து மூடின. கடல் கரைக்கு வந்து சொல்ல வந்ததை மறந்துவிட்டுப் போனது. முப்பது எண்ணும் நேரம் அப்படி இருந்தது. ஒருவரும் பயப்படவில்லை. மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டான். மரைக்காயர் குல்லாவை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்றைக்கோ செத்துப்போன அண்ணனை நினைத்து மாசிலாமணிக்குக் கண்ணில் நீர் வழிந்தது, வழியும்போதே அவர் சிரித்தமாதிரியும் இருந்தார். கோட்டைக் கையில் பிடித்திருந்த அமலோற்பவத்துக்கு மட்டும் துணியிலிருந்து ஏதோ சின்னச் சின்னதாகக் கேட்டது.

சத்தம் திரும்பி வந்தபோது எமில் முற்றத்தில் இல்லை. வெள்ளையாக வெளுத்த முகத்தோடு, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, தொப்பிகூட எடுக்காமல் ஸ்டேஷன் பக்கம் போனார் என்று வாசலில் பூ விற்றவள் சொன்னாள்.

அமலோற்பவம் கல்யாணப் பட்டோடு, கையில் கோட்டோடு ஓடினாள். நாற்பத்தாறு வயதில் மாதா கோவில் தெருவில் அவள் ஓடியதை ஊர் அன்றுதான் பார்த்தது. ஸ்டேஷனில் எமில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். பேரளம் ரயிலுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"முசியே, தப்புத்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அதுக்காகப் போயிடுவீங்களா?"

"சொன்னேனே மதாம். திறந்தா போயிடுவேன்னு சொன்னேனே."

"அந்தக் கோட்டுல என்னதான் இருக்கு?"

அவர் சொன்னார். அவளிடம் கற்ற தமிழில், அவள் வீட்டுச் சொற்களிலேயே சொன்னார். பெலிக்ஸ் என்று ஒரு சிநேகிதன், பதினைந்து வயதிலிருந்து கூடப்பிறந்தவன் மாதிரி. பாட்டு எழுதுகிறவன். வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய உருப்படி எழுதினான், நூறு வாத்தியத்துக்கு. அதை யாரும் வாசிக்கவில்லை. யுத்தம் வந்த முதல் வருஷமே அவன் செத்துப்போனான். காகிதக் கட்டை மட்டும் எமில் கையில் கொடுத்துவிட்டுப் போனான். யுத்தம் முடிந்ததும், லீல் நகரத்தில், பாதி கூரை இல்லாத மண்டபத்தில், ஒரு மாதம் வாத்தியக்காரர்களைப் பழக்கி அதை வாசிக்கவைத்தார். கடைசிப் பாகம் மெல்ல மெல்ல அடங்கி, ஒரே ஒரு பிடிலில் வந்து முடியும்.

"முடிஞ்சுது. குச்சியை இறக்கினேன். முப்பது வரைக்கும் எண்ணினேன் மதாம். ஒரு கை தட்டலை. முப்பது வருஷமா என் முதுகுல விழுந்ததெல்லாம் அன்னிக்கு விழலை. என் பெலிக்ஸை அவங்களுக்குப் பிடிக்கலை. குச்சியைக் கோட்டுக்குள்ள வச்சிக்கிட்டு பக்கத்துக் கதவு வழியா வந்துட்டேன். அப்படியே ரயில், கப்பல்."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"எதை?"

"ஜனங்களை."

"இல்லை."

"திரும்பிப் பார்க்காம பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

தூரத்தில் ரயில் புகை தெரிந்தது. அமலோற்பவம் கையில் இருந்த கோட்டை மறுபடியும் உதறினாள். ஸ்டேஷனில் சத்தம் நின்றது. எமில் காதைப் பொத்தினார். அவள், தினம் ஒரு மூட்டை மாவு பிசைகிற கையால், அவருடைய இரண்டு கையையும் பிடித்து இறக்கினாள். கோட்டின் முதுகுப் பக்கத்தைச் சங்கைக் காதில் வைப்பது மாதிரி அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

அவர் கேட்டார். ஒரு கிழவர் மூச்சை இழுத்துப் பிடித்து, விட முடியாமல் தவிப்பது கேட்டது. கைக்குட்டை ஒன்று சட்டைப்பையிலிருந்து வருவது, அப்புறம் பத்துக் கைக்குட்டை, அப்புறம் மழைக்கு முன் இலைகள் அசைகிற மாதிரி மண்டபம் முழுக்கக் கைக்குட்டை. ஒரு பெண்பிள்ளை ஏதோ ஒரு பையனின் பெயரை, தூங்குகிறவனை எழுப்பாமல் கூப்பிடுவது மாதிரி, சொன்னாள். பின் வரிசையில் ஒருவர் விசும்பி, பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்த துணிச் சத்தம் கேட்டது. பதினாறாம் கோட்டில் இருமியவர் இங்கேயும் வந்திருந்தார், இருமல் வந்தது, வாயைப் பொத்தி அதை விழுங்கினார். அது எமிலுக்கு நன்றாகக் கேட்டது.

பேரளம் ரயில் சத்தம் இல்லாமல் வந்து நின்றது. ஆட்கள் சத்தம் இல்லாமல் இறங்கினார்கள். கார்டு விசிலை ஊதிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, கொடியை மட்டும் அசைத்தார். ரயில் சத்தம் இல்லாமல் போனது. அது போய் வளைவில் திரும்பியபோது கடைசிப் பெட்டியின் கடகட மட்டும் திரும்பி வந்த சத்தத்தில் அகப்பட்டுக் கேட்டது.

எமிலின் முகம் முழுக்க ஈரமாக இருந்தது. "ஏன் மதாம் தட்டலை?" என்றார், குழந்தை கேட்பது மாதிரி.

அமலோற்பவம் கோட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க மாதா தேர் நிலையை விட்டுக் கிளம்புறப்போ பார்த்திருக்கீங்கல்ல? அத்தனாயிரம் ஜனத்துல எவனாச்சும் கை தட்டுறானா? அவங்க கை எங்க இருக்கு? கும்பிட்ட கையால எப்படி முசியே தட்டுறது?"

எமில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "கல்யாணச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்" என்றார். இரண்டு பேரும் நடந்து திரும்பினார்கள். கோட்டை அவர் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார், குச்சியை அதன் உள்பையிலிருந்து எடுத்து வழிநெடுகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மாதா திருநாளுக்கு நாற்பது நாள் இருந்தது. பெலிக்ஸின் கடைசிப் பாகத்தைக் காரைக்கால் வாசிக்கும் என்று எமில் சொன்னபோது தொபியாஸ் விரல்விட்டு ஆட்களை எண்ணினான். நூறு வாத்தியத்துக்கு எழுதியதை வாசிக்க ஊரில் இருந்தது பதினான்கு பேர், அதில் இரண்டு பேருக்கு முன்பல் கிடையாது. எமில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் இருக்கிற ஆளுக்குத் தக்கபடி மாற்றி எழுதினார். பிடில் வரிசை ஐம்பதுக்கும் சேர்த்து ஒரே நாயனம், பக்கத்துக் கோவில் நாயனக்காரர் வைத்தியலிங்கம் வந்தார். "காகிதத்தைப் பார்த்தெல்லாம் நமக்கு வராதுங்க முசியே. பாடுங்க, பிடிச்சுக்கிறேன்" என்றார். எமில் பாடினார். அவருக்குக் குரலே இல்லை, தவளை மாதிரி பாடினார். வைத்தியலிங்கம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அந்தத் தவளைக்குள்ளிருந்து பெலிக்ஸை எடுத்து வாசித்தார். ரொட்டிக்கடை முற்றத்தில் நாற்பது நாளும் ஒத்திகை. அந்த நாட்களில் சுட்ட ரொட்டி எல்லாம் வாத்தியம் கேட்ட பக்கம் கொஞ்சம் உயர்ந்தே பொங்கியது.

கடைசி நாளில்தான் தகராறு வந்தது. கோவில் முற்றத்தில் மேடை போட்டார்கள். வாத்தியக்காரர்களைப் பார்த்து எமில் நின்றால் தேருக்கும் சபைக்கும் முதுகு.

"அது மட்டும் ஆகாது முசியே" என்றான் தொபியாஸ். "மாதாவுக்கு முதுகைக் காட்டி இந்த ஊர்ல யாரும் நின்னதில்லை."

"நான் திரும்பிக்கிட்டா நீங்க என் முகத்தைப் பார்க்க முடியாதே. கையும் பாதிதான் தெரியும்."

வைத்தியலிங்கம் நாயனத்தின் சீவாளியை நனைத்துக்கொண்டே சொன்னார்: "முதுகு தெரியுமில்ல? முப்பது வருஷமா அவ்வளவும் கேட்ட முதுகு. அது சொல்லாததையா கை சொல்லப்போவுது?"

அப்படியே ஆனது. திருநாள் மாலையில், வெயில் சாய்ந்த நேரத்தில், எமில் வால்துவா முப்பத்தொன்றாம் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஜனங்களைப் பார்த்து நின்றார். கபூர் மரைக்காயர் முன் வரிசையில், மாசிலாமணி, ஆரோக்கியம், மருத்துவச்சி, மேஸ்திரி பெண்சாதியோடு, செசிலி புருஷனோடு, ஸ்டேஷன் மாஸ்டர் விதிப் புத்தகம் இல்லாமல். அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்த அமலோற்பவம் ஓரத்தில், முழங்கை வரை மாவோடு. குச்சி மேலே போனது. பின்னால் பதினாலு பேரும் ஒரு நாயனமும் அவர் முதுகைப் பார்த்தார்கள், கோட்டுத் துணி அசைந்த இடத்தில் சத்தம் எழுந்தது.

எட்டு நிமிஷம் நடந்தது. அந்த எட்டு நிமிஷமும் அவர் ஜனங்களின் முகத்தில் பெலிக்ஸைப் பார்த்தார். இத்தனை வருஷம் தனக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தார். எங்கே புருவம் தூக்குவார்கள், எங்கே மூச்சுப் பிடிப்பார்கள், எங்கே ஒரு கிழவர் தொலைந்தது கிடைத்த மாதிரிச் சிரிப்பார் என்று பார்த்தார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நாயனம் மட்டும் நின்றது, அதுவும் மெலிந்து மெலிந்து, காற்று எது நாயனம் எது என்று தெரியாமல் போய் நின்றது.

குச்சி இறங்கியது. ஒருவரும் கை தட்டவில்லை. ஊர் முழுக்கக் கை கூப்பி நின்றது.

எமில் எண்ணவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றார், அழுதுகொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அப்புறம் யாரோ "மாதாவே!" என்று குரல் கொடுக்க, ஆயிரம் கை தேர்வடத்தில் விழ, தேர் அசைந்தது.

அதன் பிறகு அந்தக் கோட்டை முதுகுப் பக்கம் உதறினால் பழையதுதான் வரும், முன்பக்கம் உதறினால் புதியது வரும் என்று ஊருக்குத் தெரிந்தது. ஆனால் யாரும் இரவல் கேட்கவில்லை. இருந்த முப்பது கோட்டே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. சில வருஷம் கழித்துப் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது அவர் நாட்டுக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். எமில் ஏறவில்லை. மாவு அரை மணி நேரத்தில் பொங்கிவிடும், இப்போது போக முடியாது என்று சொல்லியனுப்பினார்.

ஆனால் திருநாளுக்கு மறுநாள் காலையில் நடந்ததைத்தான் அமலோற்பவம் கடைசி வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல முதல் ரொட்டியை வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். வழக்கம்போல அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அன்றைக்கு அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஏன் முசியே, குடிக்காம இருந்ததுக்குக்கூட மேஸ்திரிக்குக் கோட்டை உதறினீங்க. இத்தனை மாசமா என் ரொட்டிக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், தட்டினீங்களா?"

எமில் கண்ணைத் திறந்தார். வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். இரண்டு கையிலும் இருந்த ரொட்டியை அவளுக்குத் தூக்கிக் காட்டினார்.

"ரொட்டி பிடிச்ச கையால எப்படி மதாம் தட்டுறது?"